வேஷக் குங்குமம்

— இன்னும் கொஞ்சம் பெருசா வையி மண்ணாங்கட்டி. தூரத்துலேர்ந்து பாத்தாலும் தெரியணும்.

— இன்னாக்கா வெளாடுறியா? நாடகத்துல நீ தாலியறுத்த அம்மா. மொத சீன்லயே பையனாண்ட, உங்கப்பா படத்துக்கு மாலை போடுடான்னு சொல்லப் போற. பொட்டு வச்சுகினு போய் நின்னா ஜனம் சிரிக்காது?

— சிரிக்கட்டுமே. இத்தன வருசமா அழ வச்சது பத்தாதா?

— நானும் அத்தினி வருசமா உனுக்கு மேக்கப் போடுறேன். ஒரு நா கூட நீ இப்டி அடம் புட்ச்சதில்ல. இன்னா வந்துச்சு இன்னிக்கு?

— ஆசை வந்துச்சு. ஆசைக்கெல்லாம் காரணம் சொல்ல முடியுமா? அந்த அரக்குப் புடவையக் கட்டி, தலை நெறையப் பூ வச்சு, ஒருவாட்டி மேடையேறிரணும். அம்புட்டுதான்.

— சரி, கண்ண மூடு. ஆயுத பூஜைக்குன்னு ஃபேக்டரிகாரனுங்க தட்டுல குங்குமம் கொணாந்து வச்சுக்கிறானுங்க. அத்தையே வைக்கட்டா?

— வேணாம். சாமி குங்குமத்தத் தொடாத. உன் பொட்டியில கெடக்குற வேசக் குங்குமமே போதும்.

— பொரி கடலையாச்சும் துன்னு. காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னல போல, மூஞ்சி வாடிக் கெடக்குது.

— எறங்காதுப்பா. நீ வேலையப் பாரு.

— மருதப் பக்கம் ஸ்திரீபார்ட் போட்ட காலத்துல பூவும் பொட்டுமாத்தான நின்ன?

— பின்ன? ராஜபார்ட்டோட நான் தர்க்கம் பண்ண ஆரம்பிச்சா விடியிற வரைக்கும் ஒருத்தன் எந்திரிக்க மாட்டான். எங்க வீட்டுக்காரரு அப்ப ஆர்மோனியம். நான் சுதிய ஏத்த ஏத்த, மொறச்சுப் பாத்துக்கிட்டே வாசிப்பாரு. அப்படிப் பாத்துப் பாத்துத்தான் கட்டிக்கிட்டாரு.

— அப்பால சினிமாவுக்கு வந்து மாட்டிகின.

— தோழி வேசம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாக. எனக்கு இருபத்திரண்டு வயசு. அன்னிக்குன்னு பாத்து அம்மா வேசக்காரிக்குக் காச்சல். இன்னிக்கு ஒரு நா மட்டும் வெள்ளையக் கட்டிக்கம்மான்னாரு டைரக்டரு. மகனா நடிச்சவருக்கு நாப்பது வயசு, தொப்பை வேற. அவரு என் காலக் கட்டிக்கிட்டு அழுதாரு, நான் அவரு வழுக்கையத் தடவிக்கிட்டு அழுதேன். படம் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. அந்த ஒரு நா இன்னும் முடியலப்பா.

— மாட்டேன்னு சொல்லியிருக்கலாமில்ல?

— சொன்னேனே. ஒரு வருசம் ஒருத்தன் வாசப்படி ஏறல. அவரு ஆர்மோனியத்தத் தொடச்சுத் தொடச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அந்த முகத்தப் பாக்க முடியாம நானே போயி அந்த வெள்ளைய வாங்கிக் கட்டிக்கிட்டேன். பெறகு நாடகம், கோயில் திருவிழா, எங்க போனாலும் அதே வெள்ளைதான்.

— தெருவுலயும் உன்ன அப்டித்தான பாக்குறாளுங்க?

— குன்றத்தூர்ல எங்க தெருவுல நவராத்திரிக்குத் தாம்பூலம் குடுக்குறாளுக. எனக்கு மட்டும் வெத்தலைய நீட்டிட்டுக் குங்குமச் சிமிழ மூடிருவாளுக. எம்புருசன் ஜன்னலோரக் கட்டில்ல படுத்துக்கிட்டுப் பீடி குடிக்கிறத எல்லாவளும் பாக்குறவதான். ஆனாலும் கை வர மாட்டேங்குது. வயிறு எரியும் எனக்கு.

— உன் வூட்டுக்காரரு நரசிம்ம அண்ணன் மட்டும் சிரிச்சுகினே இருப்பாரே. நீ பொட்டியத் தூக்குனா ஒண்ணு கேப்பாரே, இன்னாது அது?

— இன்னிக்கு எந்த ஊர்ல என்னையச் சாகடிக்கப் போறன்னு கேப்பாரு. நான் ஊர்ப் பேரச் சொல்லிட்டுக் கெளம்புவேன்.

— இன்னிக்கு ஸ்ரீபெரும்புதூர்னு சொன்னியா?

— இன்னிக்குக் கேக்கல.

— படுத்த படுக்கையா கீறாரே, கூட யாரு?

— யாருமில்ல. சட்டைய மாத்தி, தலை சீவி விட்டு, கதவச் சாத்திட்டு வந்தேன். இந்தப் பக்கம் பூ தொங்குது பாரு, சரி பண்ணு.

— மேடம், உள்ள வரலாமா? நான் பலராமன், அசெம்பிளி லைன் சூப்பர்வைசர். நாடகத்துக்கு நான்தான் செக்ரெட்டரி. ஐயையோ, என்ன மேடம் இது, பொட்டு?

— வாங்க தம்பி. நல்லாருக்கா?

— நோட்டீஸ்ல கண்ணீர்த் தாய் கங்கான்னு போட்டிருக்கேன் மேடம். பிள்ளைப்பாக்கத்துலேர்ந்து டிராக்டர்ல ஜனம் வந்திருக்கு. லீவு நாள்னும் பாக்காம எல்லா ஷிஃப்ட் ஆளும் குடும்பத்தோட உக்காந்திருக்கான். எல்லாம் நீங்க அழுவுற சீனுக்குத்தான்.

— அழுவேன் தம்பி. பொட்டோட அழுவேன். அப்பா செத்துட்டாருன்னு வேணாம், நைட் ஷிஃப்ட் போயிருக்காருன்னு மாத்திக்கங்க.

— நைட் ஷிஃப்ட் போனவருக்கு அம்மா எதுக்கு மேடம் அவ்ளோ நேரம் ஒப்பாரி வைக்கிறாங்க? கதையே படுத்துடும்.

— இன்னிக்கு ஒரு ராத்திரிதான் தம்பி. நாளையிலேர்ந்து யாரு எத நீட்டினாலும் வாய் பேசாமக் கட்டிக்கிறேன். இன்னிக்கு மட்டும் விட்ருங்க.

— பெரியவங்க கெஞ்சாதீங்க, எனக்கு சங்கடமா இருக்கு. வெள்ளைப் புடவைய எடுங்க மேடம்.

— கொண்டாரல.

— என்னது?

— பொட்டியத் தொறந்து பாத்துக்கங்க. மே மாசம் இங்க குண்டு வெடிச்சதுக்குப் பெறகு இந்த ரோட்டுல பொட்டியத் தொறக்காம பஸ்ஸ விடுறானா போலீஸ்காரன்? அவனே என்னைய அடையாளம் கண்டு, வெள்ளை எங்கம்மான்னு கேட்டான்.

— ஆயுத பூஜையன்னிக்கு நான் எந்த வீட்ல போய் வெள்ளைப் புடவை இரவல் கேப்பேன்? விளக்கமாத்தால அடிப்பாங்க. இருங்க. புது மெஷினுக்குப் போர்த்தி வச்ச வெள்ளைத் துணி இருக்கு, நல்ல நீளம். பூஜை முடிஞ்சதும் எடுத்தாரேன், அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க. இன்னொண்ணு மேடம், தப்பா எடுத்துக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— ஜி.எம். சம்சாரம்தான் பூஜை பண்றாங்க. புது மெஷின் ஓட்டுறப்போ நீங்க எதிர்ல வந்துடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்கு அது ஒரு செண்டிமெண்ட். அதனால வெளியில பூட்டிட்டுப் போறேன்.

— எனக்குப் புருசன் இருக்காருன்னு சொன்னீங்களா?

— சொன்னேன் மேடம். அவங்க உங்களப் படத்துல பாத்தவங்க.

— பூட்டிட்டான்கா. ஸ்பேர் பார்ட்ஸ் ரூமு, ஜன்னல் கூட இல்ல. கதவ ஒதச்சுகினு போயிடலாமா? இவனுங்க நாடகமும் வாணாம், ஒண்ணும் வாணாம்.

— எங்கிட்டுப் போக? இங்கேர்ந்து போனா பஸ்ஸு, பஸ்ஸ விட்டு எறங்குனா வீடு. அங்கிட்டும் ஒரு கதவுதான். கண்ணாடியக் காட்டு, கொஞ்ச நேரம் பாத்துக்கிறேன்.

— சோக்கா கீற. மெய்யாலுமே கல்யாணப் பொண்ணாட்டம் கீற.

— பாக்க வேண்டிய மனுசன் பாக்கலையே.

— கலைக்காத. இப்டியே வூட்டுக்குப் போய் அண்ணனாண்ட காமி. இன்னாக்கா, அழுவுறியா? கிளிசரின் போடாம நீ அழுது நான் பாத்ததே இல்லியே.

— மேடம், பூஜை நல்லபடியா முடிஞ்சது. இந்தாங்க துணி. கொஞ்சம் ஆயில் கறை இருக்கு, லைட்ல தெரியாது. பொட்ட அழிச்சிடுங்க, மணியடிக்கப் போறோம்.

— சார், நீ கொஞ்சம் இரு சார். அக்கா, நீ வசனத்த மறந்துக்கிற. ஒருவாட்டி பொட்டியவே பஸ்ஸுல வுட்டுட்டு வந்துக்கிற. அந்த வெள்ளைப் பொடவைய மட்டும் கையிலயே வச்சிருந்த. அத்த எப்டிக்கா மறந்த?

— மறக்கலப்பா. தலைமாட்டுல வெளக்கேத்தி வச்சு, அவரு மேல போத்திட்டு வந்திருக்கேன்.