ஓர் ஆள் எடை

இரவு மணி இரண்டு. மழை அப்போதுதான் விட்டிருந்தது. பந்தயத் திடலுக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவே போகும் சாலை. விளக்கு கிடையாது. எதிரே ஒரு வண்டி கிடையாது. அந்தச் சாலையில் லாரியை ஓட்டிக்கொண்டு தனியாக வந்தார் எங்கள் வீட்டு மாப்பிள்ளை, என் தங்கையின் கணவர்...

யார் அங்கே சிரிப்பது? மெதுவாக. அவர் உள்ளறையில் தூங்குகிறார். கடைசி பஸ்ஸைக் கோட்டைவிட்டு இந்தக் கூடத்தில் நெருக்கியடித்துப் படுத்திருக்கிறீர்கள். பொழுது போகவில்லை. சரி. அதற்காக, "மாமா ஈயத்த ஆட்டையப் போட்டுத்தானே கம்பெனிலேருந்து தொரத்துனாங்க?" என்று என் தம்பி மகனே கேட்டால் நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. ஊர் பேசட்டும். இந்த வீட்டுக்குள் அது கூடாது. நடந்ததை அவர் வாயாலேயே கேட்டவன் நான். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

அவர் ஒரு கார் தொழிற்சாலையின் பந்தய அணியில் தலைமை மெக்கானிக். கடையில் விற்கிற அதே கார்தான். உள்ளே மெத்தை, பின்சீட்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, இரும்புக் கம்பிக்கூடு வைத்து ஓட்டுவார்கள். அது ஜெயித்தால் ஜனங்கள் அதே காரைக் கேட்டு வருவார்கள். தொழிற்சாலையின் ஆசை அவ்வளவுதான். பெயின்ட் பிரிவுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில், விற்காமல் திரும்பி வந்த ஒரு காரை வைத்துத் தொடங்கினார்கள். முதல் வருடம் கடைசி இடம். பிறகு நடுவில். பிறகு வருடா வருடம் இரண்டாம் இடம். கடைசியாக வருகிறவன் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவான். இரண்டாவதாக வருகிறவனுக்குத் தூக்கமே வராது. அப்படியே அந்த ஷெட் முழுவதும் கண் சிவந்து கிடந்தது. மேலிடம் சொல்லிவிட்டது: இந்த வருடமும் கோப்பை இல்லையென்றால் ஷெட்டுக்குப் பூட்டு.

அவர்களுடைய டிரைவரை ஊமையன் என்பார்கள். வாய் இருந்தும் பேசாத மனிதர். ரேடியோவில் எது சொன்னாலும் பட்டனை இரண்டு தரம் அழுத்துவார். டக்... டக். 'சரி' என்று அர்த்தம். வாயில் எப்போதும் ஒரு யூகலிப்டஸ் மிட்டாய். மாப்பிள்ளை காரின் கூரையில் தட்டினால் கிளம்பலாம் என்று அர்த்தம். இருவருக்கும் நடுவே பேச்சென்றால் அந்தத் தட்டும் இந்த டக்கும்தான்.

புது எஞ்சின் தாங்குமா என்று பார்க்கப் பகலெல்லாம் ஓட்டினார்கள், இரவெல்லாம் ஓட்டினார்கள். ஊமையன் ஒருவர்தான் ஓட்டினார். ஒருமுறை பெட்ரோல் போட நிறுத்தியபோது அதிசயமாக வாய் திறந்தார்.

"அண்ணே, கண்ணு இழுக்குது. கொஞ்ச நேரம் படுத்துட்டு வரட்டுமா?"

மாப்பிள்ளை அணி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தலையை ஆட்டி முடியாது என்றார். அது மேலிடத்து உத்தரவு, நம் மாப்பிள்ளையுடையது அல்ல. இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னும் கொஞ்சந்தான் தம்பி. முடிச்சிட்டு நல்லாத் தூங்கு," என்று கூரையில் தட்டினார்.

டக்... டக்.

அதற்கப்புறம் ரேடியோவில் சத்தமில்லை. மரங்களை ஒட்டிய நீண்ட வளைவில் கார் ஓரமாக நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெல்ட் போட்டபடி, தலை தொங்கி... உயிர் போயிருந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

காரில் ஒரு கீறல்கூட இல்லை. அதனால் அதே காரைத் துடைத்துப் புது டிரைவரிடம் கொடுத்தார்கள்.

இப்போது இந்த ஈய விஷயம். பந்தயம் முடிந்ததும் காரையும் டிரைவரையும் சேர்த்து எடை போடுவார்கள். விதித்த எடைக்குக் கீழே போனால் வெற்றி செல்லாது. எடை கூடினால் குற்றமில்லை, ஆனால் கார் மந்தமாகிவிடும். அதனால் காரின் தரையில் ஈயத்தகடுகளை வைத்து முடுக்கி, விதித்த எடையிலேயே நிறுத்துவார்கள். சரிபார்க்கும்போது டிரைவருக்குப் பதிலாக அவர் எடைக்கு மணல் மூட்டைகளைச் சீட்டில் வைப்பார்கள்.

கடைசிப் பந்தயத்துக்கு முந்தைய நாள் அப்படி எடை போட்டார்கள். கூடுதலாகக் காட்டியது. ஓர் ஆள் எடை கூடுதல். மூட்டைகளை இறக்கினார்கள். சீட்டு காலி. அப்போதும் ஓர் ஆள் மிச்சம். எடை மேடையில்தான் கோளாறு என்று படிக்கல்லை வைத்துப் பார்த்தார்கள். மேடை சரியாகவே சொன்னது. கதவைத் திறந்து குனிந்த மெக்கானிக் ஒருவன், "யாருடா உள்ள யூகலிப்டஸ் போட்டது?" என்றான்.

மூலையில் ஊமையனுக்காகக் கட்டிய பழைய மணல் மூட்டைகள் கிடந்தன. மாப்பிள்ளை அவற்றைத் தூக்கித் தனியாக எடை போட்டார். கூடுதலாக நின்ற அதே எண்.

"தகட்டைக் கழட்டுங்க," என்றார் மேனேஜர். "இத்தனை பாரத்தோட ஓட்டுனா நாளைக்கும் ரெண்டாவதுதான்."

"இருக்கட்டும் சார். கனமாவே ஓடட்டும்."

"மேடை தப்புன்னு சொல்றீங்களா?"

"மேடை சரிதான் சார். அதான் சொல்றேன்."

"அப்ப கழட்டுங்க. வேற யாரையாவது கூப்பிடணுமா?"

மாப்பிள்ளை கழற்றினார். மேடை சொன்னால் மறுபேச்சில்லை என்று வாழ்கிற கூட்டம் அது. எண்ணைச் சரிசெய்துவிட்டுத் தூங்கப் போனார்கள்.

மறுநாள் ஜெயித்தார்கள். முதல் இடம். கோப்பையும் அவர்களுக்கே. மேனேஜர் குழந்தை மாதிரி அழுதாராம். மாப்பிள்ளை ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். புது டிரைவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நேராக அவரிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே... கடைசிச் சுத்துல, அந்த மரத்து வளைவுல, பெல்ட் கழட்டுற சத்தம் கேட்டுச்சு. என் பெல்ட் இல்ல. அப்புறம் வண்டி பஞ்சாட்டம் ஆயிடுச்சு."

மேடையில் ஏற்றினார்கள். ஓர் ஆள் எடை குறைந்தது.

கோப்பையைப் பிடுங்கி இரண்டாவது வந்தவர்களிடம் கொடுத்தார்கள். ஷெட்டைப் பூட்டினார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாது, தகட்டைக் கழட்டுனது அவரு கை," என்றார் மேனேஜர். மாப்பிள்ளை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசி என்ன சொல்வார்? ஈயம் அத்தனையும் ஷெட்டிலேயே கிடந்தது. ஒரு துண்டுகூட இந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை. தம்பி மகனே, காதில் விழுந்ததா?

எல்லோரும் போய்விட்டார்கள். காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. அந்த ராத்திரிதான் நான் முதலில் சொன்னது. அந்தச் சாலை மரத்து வளைவின் முதுகை ஒட்டிப் போகிறது. அங்கே லாரியை மெதுவாக்கினார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. கதவு திறக்கவில்லை. ஆனால் பக்கத்துச் சீட்டின் ஸ்பிரிங்... கிரீச். பிறகு பெல்ட் மாட்டும் சத்தம். பிறகு அந்த மிட்டாய் வாசனை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. லாரியை நிறுத்தவுமில்லை. பயந்து ஓடினார் என்று ஒரு கதை உலவுகிறது, அது பொய். குலுங்காமல், பள்ளம் பார்த்து ஓட்டினார்.

லாரிகளை எடை போடும் மேடை ஒன்று வழியில் இருந்தது. காவலாள் டார்ச்சோடு வந்தார்.

"ஆளுங்க எறங்கிக்குங்கண்ணே. வண்டிய மட்டுந்தான் போடணும்."

மாப்பிள்ளை இறங்கினார். டார்ச் வெளிச்சம் லாரிக்குள் போயிற்று.

"பக்கத்துல தூங்குறவரையும் எழுப்புங்க."

மாப்பிள்ளை சாலையைப் பார்த்தபடியே நின்றார்.

"வேணாம்ப்பா. ரொம்ப நாளாத் தூங்கல. தூங்கட்டும்."

காவலாள் டார்ச்சை அணைத்தார். "ஆமாண்ணே, பாவம். பெல்ட்டுகூடக் கழட்டாம தலை தொங்கிப்போச்சு," என்றார், குரலைத் தாழ்த்தி.

இது எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு மூத்தவன் நான். ஒருநாள் என்னைத் தன் காரில் பின்னால் உட்காரச் சொன்னார் மாப்பிள்ளை. முன்சீட்டு காலியாக இருந்தது. கோபத்தில் இறங்கி, வெயிலில் நடந்தே வீடு வந்தேன். அன்று மாலை என் எதிரே வந்து உட்கார்ந்து, தலை குனிந்து எல்லாவற்றையும் சொன்னார். அதற்குப் பிறகு நான் பின்னால்தான் உட்காருகிறேன்.

காலையில் உங்களையெல்லாம் பஸ் நிலையத்தில் அவர்தான் கொண்டுபோய் விடுவார். எத்தனை பேர் இருந்தாலும் பின்னாலேயே நெருக்கிக்கொள்ளுங்கள். ஒன்றுமட்டும். ஏறும்போதோ இறங்கும்போதோ காரின் கூரையில் தட்டிவிடாதீர்கள். பால்காரர் ஒருநாள் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டார். கார் வாசலில் பூட்டிக் கிடந்தது. மாப்பிள்ளை என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

உள்ளேயிருந்து வந்தது... டக்... டக்.