நெஞ்சுப் பக்கம் ஒட்டிய பசை

— தண்ணி தொடாதீங்க. அப்படியே வைங்க.

— லேசா ஈரத்துணியாலதான் துடைச்சேன்…

— ஸ்வேட் தோல் ஜாக்கெட்டுங்க அது. ஈரம் பட்டா அந்த இடம் மட்டும் விறைச்சுக் கறுத்துப்போகும். இத்தனை வருஷமா போடுறீங்க, இதுகூடத் தெரியாதா?

— தெரிஞ்சா ஏன் பாத்ரூம்ல ஒளிஞ்சு துடைக்கிறேன்.

— கொண்டாங்க இப்படி… ம்ம். நெஞ்சுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பசை. இதைக் கழட்டி சோஃபா மேல வேற வீசியிருக்கீங்க. சோஃபா கைப்பிடியிலயும் அப்பியிருக்கு. அதுவும் இதே மாதிரி மெத்துத் துணி.

— அப்புறம் பாத்துக்கலாமே. நீயும் இப்பதான் வேலை முடிஞ்சு வந்தே.

— அப்புறம்னா தூசி உக்காந்து கறையாயிடும். ஃப்ரீசர்ல ஐஸ் இருக்கு. ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு எடுத்துட்டு வாங்க.

— ஐஸா? தண்ணியே கூடாதுன்னியே.

— பைக்குள்ளதானே இருக்கப்போகுது. மேல வச்சா பசை இறுகும். இறுகினா உதிரும். சீக்கிரம், கால் கடுக்குது எனக்கு.

— இந்தா.

— பழைய டூத் பிரஷ்?

— இதுவா?

— அது என்னோடது. நீலத்தை எடுங்க. எதையும் பாத்து எடுக்கிறதில்ல நீங்க.

— கண்ணு எரியுதும்மா. தூக்கமில்ல.

— ஏன் தூக்கமில்ல?

— வேலைதான்… வேற என்ன.

— அப்படியே அந்த அழிரப்பரையும் குடுங்க. மிச்சத்தை உருட்டி எடுக்கலாம். என்ன ஸ்டிக்கர் இது?

— ஆபீஸ்ல ட்ரெயினிங். பேரு எழுதி ஒட்டிக்கச் சொன்னாங்க.

— கூட வேலை பாக்கிறவங்களுக்கு உங்க பேரு தெரியாதாக்கும்?

— வெளியூர் ஆளுங்களும் வந்திருந்தாங்க.

— எத்தனை நாள் ட்ரெயினிங்?

— ஒரு நாள்தான்.

— ஒரு நாள் ஒட்டின பசை இல்ல இது. அடியில இருக்கிறது காஞ்சு கறுத்திருக்கு. மேல இருக்கிறது இன்னும் கையில பிசுக்குப் பிசுக்குனு ஒட்டுது. தினமும் அதே இடத்துல ஒட்டி, உரிச்சு, ஒட்டி… பேசுங்க. சண்டை போடவெல்லாம் எனக்குத் தெம்பில்ல.

— ஆஸ்பத்திரில ஒட்டிவிடுறாங்க. உள்ள பாக்க வர்றவங்களுக்கு.

— யாரைப் பாக்க?

— என் தம்பியை… அவன் பேச்சை இந்த வீட்டுல எடுக்கக்கூடாதுன்னே. உங்கப்பா செத்த அன்னிக்குக் குடிச்சிட்டு வந்து அவன் பேசின பேச்சு… நானும் மறக்கலை.

— மறந்தீங்களான்னு நான் கேக்கலையே. ஐஸைக் கொஞ்சம் நகர்த்துங்க… ம், அங்கதான். என்ன அவனுக்கு?

— சர்க்கரை. கால்ல புண்ணு வந்து கவனிக்காம விட்டிருக்கான். முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஏன் நிறுத்திட்டே?

— விரல் மரத்துப்போச்சு. பிரஷ்ஷை நீங்க பிடிங்க. சொல்லுங்க.

— சொல்ல என்ன இருக்கு. நான் போனா அவனும் பேசமாட்டான், நானும் பேசமாட்டேன். டிவியைப் பாத்துட்டு உக்காந்திருப்போம். கிளம்பும்போது, ‘இந்த ஜாக்கெட்டை இன்னுமாண்ணே விடலை’ம்பான். அவ்வளவுதான்.

— குடி?

— விட்டு ரொம்ப நாளாச்சாம். விட்டேன்னு சொல்லிக்கக்கூட ஆளில்ல அவனுக்கு.

— அழுத்தாதீங்க. ஒரே பக்கமா பிரஷ் பண்ணுங்க. மயிர் எழும்பட்டும்.

— கேளேன்… அவன் இருக்கிறது மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. நாளைக்கு டிஸ்சார்ஜ்ங்கிறாங்க. ஒத்தைக் காலோட எப்படி ஏறுவான்? உன்கிட்ட கேக்க எனக்கு வாயே வரலை. செயற்கைக் கால் பொருத்துற வரைக்கும்தான். இந்த சோஃபாவுலயே படுத்துப்பான். வேண்டாம்னா சொல்லிடு. வேற எங்கயாவது பாக்கிறேன்.

— சோஃபாவுல வேண்டாம்.

— சரி. விடு.

— என்னத்தை விடுறது? சொல்றதை முழுசாக் கேளுங்க. அது உள்ள அமுங்குது, உக்காந்தா அவனால எழுந்திரிக்க முடியாது. உள் ரூம் கட்டில்ல படுக்கட்டும். அப்புறம், டிஸ்சார்ஜ் நாளைக்கு இல்லை. தையல் பிரிச்சிட்டு வெள்ளிக்கிழமைதான் விடுவாங்களாம். இன்னிக்குக் காலையில நான் போயிருந்தப்போ டாக்டர் சொன்னாரு. என்னை அப்படிப் பாக்காதீங்க… தினமும் வேலைக்குப் போற வழியில போயிட்டுத்தான் இருக்கேன். அண்ணன்கிட்ட மூச்சு விடாதேன்னு நான்தான் அவன் வாயை அடைச்சு வச்சிருக்கேன். எங்கப்பா விஷயத்துல அவ்வளவு வீம்பு பிடிச்சவ, எந்த முகத்தை வச்சுக்கிட்டு உங்ககிட்ட சொல்லுவேன்?