வலது இறக்கையின் அலுமினியக் குழாய்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் பிச்சை ஐயா அவர்களே! கல்யாணிலிருந்தும் முலுண்டிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! துணைவர் பிரம்மநாயகம் அண்ணாச்சியை இழந்து அமர்ந்திருக்கும் ஆறுமுகத்தாய் மதினி அவர்களே! அண்ணாச்சி பட்டறையில் வேலை பார்க்கும் சுதனின் வணக்கம். இவன் கையில் மைக்கை யார் கொடுத்தது என்று முன்வரிசை முணுமுணுப்பது கேட்கிறது. ஐந்து நிமிடம் பொறுங்கள். இன்று நான் குறும்பு செய்ய வரவில்லை. செய்த ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

யார் எங்கள் பிரம்மநாயகம் அண்ணாச்சி? தாராவியில் பாதி வீடுகளுக்கு கிரில் கதவு அடித்தவர்! கீழே பட்டறை, மேலே வீடு. அந்த இடத்துக்குள்ளேயே ஓர் ஆள் ஏறும் விமானத்தை ஆறு வருடம் கட்டியவர்! உடல் பட்டறையில், இறக்கைகள் மொட்டை மாடியில். மதினி அவற்றின்மேல் போர்வை காயப்போட்டார். சங்கம் 'வானூர்திச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தது. விமானத்துக்கு முன்னால் பட்டம் பறந்துவிட்டது என்று சந்து முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். அண்ணாச்சியும் சிரித்தார்.

அவர் சிரிக்காத நாள் ஒன்று உண்டு.

போன ஆயுத பூஜை. எல்லா லாரியிலும் எலுமிச்சையும் மிளகாயும் தொங்குகிறதே, விமானத்துக்கு மட்டும் கண் படாதா என்று, உடலோடு மாட்டியிருந்த, வலது இறக்கையைத் தாங்கும் அலுமினியக் குழாயில் டிரில் போட்டேன். கயிறு நுழைய ஒரே ஓர் ஓட்டை. அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"ஏலே, கிரில் கதவுன்னு நெனச்சியா? பறக்கும்போது மொத்த கனமும் இதுலதாம்ல தொங்கும்!"

"சின்ன ஓட்டைதான அண்ணாச்சி?"

"விரிசலுக்கு எம்புட்டு பெரிய வாசல் வேணும்லே?"

அதன்பின் ஞாயிறுதோறும் இன்ஜினை ஓட்டிச் சோதிப்பார். அது அதிரும், அவர் குழாயைத் தடவுவார். மூன்றாம் ஞாயிறு, ஓட்டையிலிருந்து முடிபோல் ஒரு கோடு. ஐந்தாம் ஞாயிறு, தடவிய நகம் அந்தக் கோட்டில் சிக்கியது. சிவப்பு பெயின்டால் வட்டம் போட்டு, 'மாற்று' என்று எழுதினார். புதுக் குழாய் வாங்கப் புறப்பட்டவர்தான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார். எழவில்லை.

அந்த வட்டம் எங்கே, பெரியோர்களே? இந்தக் கூட்டத்துக்காக இறக்கைகளை உடலோடு பூட்டி, விமானத்தைப் பந்தலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, வெள்ளி பெயின்ட் அடித்தீர்கள். அன்பால் அடித்தீர்கள்! சிவப்பு அடியில் போய்விட்டது. சற்றுமுன் தலைவர் அறிவித்தார்: விமானப் பயிற்சி முடித்த மதினியின் தம்பி தளவாய் அண்ணன், வரும் ஞாயிறு கல்யாணுக்கு அப்பால் அதை ஓட்டுவார் என்று. கைதட்டினீர்கள். அவர் மனைவி மாரீஸ்வரி அக்கா மட்டும் கைதட்டவில்லை.

குழாயில் விரிசல் என்று நேற்றே தளவாய் அண்ணனிடம் சொன்னேன். "போலே, ஒன் வெளாட்டுக்கு வேற ஆளப் பாரு" என்றார். நியாயம்தான். போன மாதம் அவர் ஹெல்மெட்டுக்குள் மைதா மாவு போட்டவன் நான். என் பேச்சை யார் நம்புவார்கள்?

ஆகவே, காலையில் நீங்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது, இறக்கைக்கு அடியில் இரண்டு டிரம் முட்டுக்கொடுத்து, அந்தக் குழாயைக் கழற்றினேன். உடைக்கவில்லை, சத்தியமாக உடைக்கவில்லை! ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினேன். மறுமுனை தரையிலேயே கிடந்தது.

இதோ, இரண்டு துண்டையும் அண்ணாச்சியின் படத்துக்கு முன் வைக்கிறேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுக்கத்தானே கூடியிருக்கிறோம்? எடுப்போம்! அவர் 'மாற்று' என்று எழுதியதை முதலில் மாற்றுவோம். அதுவரை யாரும் ஏற மாட்டோம். தளவாய் அண்ணா, நீங்களே வந்து தொட்டுப் பாருங்கள். மேடைக்கு நாலே படி. இந்த ஞாயிறுக்கு அந்த உயரம் போதும்.