வாய்க்கு ஒரு வாட்ச்மேன்

— சிரிச்சுக்கிட்டேதானே சொன்னேன்? நீயே பாத்தியே.

— அது சிரிப்பா? பல்ல மட்டும் காட்டுனீங்க. பாவம், சபை பாட்டுக்குழு அண்ணன் அயர்ன் பாக்ஸக் கடையிலயே விட்டுட்டு ஓடிட்டாரு.

— அது கெட்டே போகலம்மா! இந்த வாரத்துல மூணாவது தடவ கொண்டாந்துட்டாரு. எனக்குக் கோபம் வருதான்னு பாக்க வர்றாரு.

— வரத்தான் செய்வாங்க. ஞாயித்துக்கிழமை சபை நடுவுல எந்திரிச்சு, "கர்த்தர் என் கோபத்த வேரோட பிடுங்கிட்டாரு"ன்னு சாட்சி சொன்னது யாரு? நானா?

— ஒரு வேகத்துல சொல்லிட்டேன்.

— கைதட்டு வேற. பாஸ்டர் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு.

— இந்தா பாரு, உன்கிட்ட சொல்றதுக்கென்ன. அன்னைக்கு அது போகல. போயிடணும்னு ஆசை. அதான் கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன்.

— அப்ப பொய்ச் சாட்சியா?

— பொய் இல்லம்மா, அட்வான்ஸ் சாட்சி. சாமான் பின்னால வரும்.

— நல்லாருக்கு. வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் புத்தி எங்க போகும்? கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் "நாளைக்கு ரெடி"ங்கற மாதிரி, ஆண்டவர் பேர்லயும் சொல்லிட்டு வந்துட்டீங்க.

— ஆனா வேல நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. காலையில ஷட்டரத் தூக்கும்போதே ஜெபம் பண்றேன்ல? "ஆண்டவரே, என் வாய்க்கு ஒரு வாட்ச்மேன் போடும்"னு.

— போட்டாரா?

— போட்டாரு. என்ன, ஆளு கொஞ்சம் தூங்குமூஞ்சி.

— நேத்து மககிட்ட இதையெல்லாம் சொன்னேன்.

— என்ன சொன்னா?

— "சபையில நல்லவரா இருக்கறதுக்கு ஒரு மணி நேரம் போதும்மா. கடையில எப்படி இருக்காரு, அதச் சொல்லு"ன்னா.

— உன்ன மாதிரியே வாய்.

— உங்கள மாதிரின்னு ஊரே சொல்லுது. அவ இஷ்டப்பட்டவனக் கட்டிக்கிட்டு ரெண்டு வருஷமாச்சுங்க. மாப்பிள்ள குரலக்கூட நீங்க கேட்டதில்ல. அந்தப் பையன் வாசல்ல நின்னு வாயத் திறக்கறதுக்குள்ள கதவ அறைஞ்சு சாத்துனீங்க.

— தெரியும்மா. மெஷின் ஓடாத நேரத்துல அந்தச் சத்தம்தான் எனக்குக் கேக்குது. அதுக்குத்தான் சாட்சியே சொன்னேன். எப்படியாவது அவங்க காதுக்குப் போகும், ஒரு எட்டு வருவாங்கன்னு.

— போன் அடிக்குது.

— ஸ்பீக்கர்ல போடு, கையெல்லாம் கிரீஸ்.

— ஏங்க. இந்த ஒரு போன மட்டும் கெடுத்துடாதீங்க.

— நான் எந்தப் போனக் கெடுத்தேன்? ஹலோ! சொல்லுங்க!

— சார்... வாஷிங் மெஷின் சார்.

— அதுக்கென்ன?

— நின்னுடுச்சு சார்.

— நிக்கத்தானே தம்பி செய்யும்? எந்திரிச்சு நடக்கவா போகுது?

— வாட்ச்மேன்!

— யாரு சார் அது?

— ஒண்ணுமில்ல தம்பி. கடைக்குப் புதுசா ஒரு வாட்ச்மேன் போட்டிருக்கோம், வீட்டுல எழுப்பி விடுறாங்க. நீங்க சொல்லுங்க. உள்ள தண்ணி நிக்குதா?

— எப்படி சார் பாக்கறது?

— கண்ணாலதான் தம்பி. கண்ணாடிக் கதவு வழியா.

— ஆமா சார், நிக்குது. துணியெல்லாம் மிதக்குது.

— அப்ப பம்ப்புல ஏதோ அடைச்சிருக்கு. நான் உங்க வீட்டுக்கு வர நாலு நாளாகும். நீங்களே எடுத்துடலாம், சின்ன வேலதான். மொதல்ல பிளக்கப் பிடுங்குங்க.

— பிடுங்கிட்டேன் சார்.

— கீழ வலது மூலையில ஒரு குட்டிக் கதவு இருக்கும்.

— இல்லையே சார்.

— இருக்கும் தம்பி.

— இல்லவே இல்ல சார். ஒரு பெரிய டியூப்பும் ஒட்டடையும்தான் இருக்கு.

— தம்பி... நீங்க மெஷினுக்குப் பின்னாடியா நிக்கிறீங்க?

— பிளக்கு இங்கதானே சார் இருந்துச்சு?

— ஏங்க, உங்க மூஞ்சி செவக்குது. தண்ணி வேணுமா?

— வேண்டாம். தம்பி, மெதுவா முன்னாடி வாங்க. அவசரமே இல்ல. நான் இங்கதான் இருக்கேன்.

— ஆங், இருக்கு சார்! திறந்துட்டேன். உள்ள உருண்டையா ஒரு மூடி இருக்கு.

— சபாஷ். இப்ப ஒரு தட்டையான பாத்திரத்த எடுத்து...

— ஐயோ சார்!

— திருகிட்டீங்களா?

— திருகிட்டேன் சார். தண்ணி கொட்டுது! அடுப்படி வரைக்கும் போகுது!

— ம்ம்...

— ஏங்க? மூச்சு விடுங்க. ஏங்க!

— சார், லைன்ல இருக்கீங்களா? திட்டணும்னா திட்டிடுங்க சார். பரவால்ல.

— உங்கள எதுக்கு தம்பி திட்டணும்? பாத்திரத்த வைக்கச் சொல்லிட்டு அப்புறம்தான் நான் கதவப் பத்தியே பேசியிருக்கணும். தப்பு என்மேல.

— இப்ப என்ன சொன்னீங்க?

— உன்கிட்டப் பேசலம்மா.

— "தப்பு என்மேல"ன்னீங்க. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் காதால கேக்குறேன்.

— சும்மா இரு, தம்பி வழுக்கி விழுந்துடப்போறாரு. தம்பி, ஒரு பழைய துண்டக் குறுக்கப் போட்டுத் தண்ணியத் தடுங்க. பயப்படாதீங்க. வேல பழகின புதுசுல நான் ஒரு வீட்டையே மெதக்க விட்டிருக்கேன்.

— நீங்களா சார்?

— நானேதான். அந்த வீட்டுல நனையாம தப்பிச்சது அலமாரி மேல தூங்குன பூனை மட்டும்தான். சிரிக்கிறீங்கல்ல? நல்லது. இப்ப அந்த ஓட்டைக்குள்ள விரல விட்டுத் தடவுங்க.

— ஏதோ மெத்துன்னு இருக்கு சார்.

— இழுங்க. மெதுவா. வருதா?

— வந்துடுச்சு சார்! சாக்ஸ். ஒத்த சாக்ஸ். என் கட்டைவிரலுக்குத்தான் போடலாம், அவ்வளவு சின்னது.

— குழந்தை சாக்ஸா! அப்படிச் சொல்லுங்க. எவ்வளவு பெரிய மெஷினா இருந்தாலும் படுக்க வைக்கிறது இதுதான். கதவு ரப்பர் சந்துல நழுவி உள்ள போயிடும். இனிமே சின்னத் துணியெல்லாம் ஒரு வலைப்பையில போட்டுத் துவைங்க. எத்தன மாசம் குழந்தைக்கு?

— நாலு சார். உங்களுக்கு நான் எவ்வளவு தரணும்?

— ஒரு சாக்ஸுக்கா? ஒண்ணும் வேண்டாம். குழந்தைக்கு என் பேரச் சொல்லி ஒரு முத்தம் குடுங்க, போதும். ஏம்மா, நீ எதுக்கு இப்ப அழுவுற? நான்தான் திட்டவே இல்லையே!

— நான் ஒண்ணும் அழுவல. நீங்க பேசுங்க, வச்சிடாதீங்க.

— சார், இங்கயும் ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன். என் மனைவி பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அவங்களும் அழுவுறாங்க.

— ஐயையோ, தரை நனைஞ்சதுக்கா? தொடச்சா போச்சுன்னு சொல்லுங்க தம்பி, தண்ணிதானே! அம்மா, அழாதீங்கம்மா! ஆண்டவர் உங்க குழந்தைய ஆசீர்வதிக்கட்டும். ஆமா தம்பி, கேக்கவே மறந்துட்டேன். குழந்தை ஆணா, பொண்ணா?

— பொண்ணு... உங்க பேத்தி, மாமா.