தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

மழைக்காலத்தில் ஊர் சுற்றப் போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு துண்டாவது எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று எப்படியும் காயாது. ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டால் சளி பிடிக்கும். குழந்தைகளுக்குச் சொல்லவே வேண்டாம். இலக்கியாவுக்கு மட்டும் நான் கூடுதலாக ஒன்று மடித்து வைத்தேன். நான் கெட்ட எண்ணத்தோடு கிளம்பவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நீங்கள் நிதானமாக எழுதுங்கள் தாயி. கை வலித்தால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன். என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. ஆலங்குடியில் பஸ் ஏறி நானாகத்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் பேர் அமிர்தவல்லி. செவந்தி என் கூடப்பிறந்த தங்கை. வயதில் ரொம்ப இளையவள். அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியதே நான்தான். எனக்குப் பிள்ளை இல்லை. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தபின் செவந்தி வீட்டோடு வந்து இருந்துகொண்டேன். அவள் புருசன் நாகராசுக்குத் துபாயில் வேலை. வருசக்கணக்காகக் காத்திருந்து அவர்களுக்குப் பிறந்தவள் இலக்கியா.

பிள்ளை பிறந்தால் விராலிமலை முருகனுக்கே கொடுத்துவிடுவதாகச் செவந்தி வேண்டிக்கொண்டிருந்தாள். அந்த வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். குழந்தையைச் சாமிக்கென்று கொடுத்துவிட வேண்டும். பிறகு தாய்மாமன் தவிட்டைக் கொடுத்துச் சாமியிடமிருந்து குழந்தையை வாங்கி, பெற்றவள் கையில் தர வேண்டும். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. தாய்மாமன் இடத்தில் நான் நின்றேன். தவிட்டை நான் கொடுத்தேன். பிள்ளையை என் மடியில்தான் வைத்தார்கள். வெதுவெதுப்பாக, ஒரு பூனைக்குட்டியின் கனம்தான் இருந்தது. உடனே செவந்தி கையை நீட்டினாள். நானும் கொடுத்துவிட்டேன். கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அந்த வருசமே செவந்திக்கு விஷக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போயிற்று. ராத்திரி பிள்ளை அழுதால் அவளுக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். அதனால் பிள்ளை என்னோடு படுத்தது. அவளை அம்மா என்றது, என்னை ஆத்தா என்றது. பிறகு நாகராசு காதுமிஷின் வாங்கித் தந்தார். அதை வைத்தால் அவளுக்கு ஓரளவு கேட்கும். ஆனால் தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்று மழையிலும் குளிக்கும்போதும் கழற்றிவிடுவாள். அப்போது எங்களுக்குள் கைஜாடைதான். விரல்களை மடக்கினால் வா. உள்ளங்கையைக் காட்டினால் இரு. கன்னத்தில் கை வைத்தால் பிள்ளை தூங்குகிறாள். அக்காளும் தங்கச்சியும் டான்ஸ் ஆடுறாளுக என்று தெருவில் கேலி பேசுவார்கள். இலக்கியா வாய் திறந்து பேசுவதற்கு முன்னாலேயே இந்த ஜாடைகளைக் கற்றுக்கொண்டாள்.

இந்த ஐப்பசியில் நாகராசுக்குக் குடும்ப விசா கிடைத்தது. தை பிறந்ததும் தாயும் மகளும் துபாய்க்குப் போவதாக ஏற்பாடு. அங்கே பள்ளிக்கூடம்கூடப் பார்த்தாயிற்று. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் தொடங்கியது. பயம் என்றால் அலறுவது இல்லை தாயி. குழம்புக்கு உப்புப் போட்டோமா என்பது மறந்துபோகும். பிள்ளை குளிக்கப் போனால், தண்ணீர்ச் சத்தம் நிற்கும்வரை கதவுக்கு வெளியே நிற்பேன். அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவும்போது, இனி இது எதற்கு என்று நினைப்பு ஓடும். தட்டு கீழே விழும். செவந்தி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அவளுக்குப் பாதிச் சத்தம் கேட்காது.

போவதற்கு முன்னால் விராலிமலையில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அப்படியே மதுரை ரோட்டில் இறங்கி அணை, அருவி எல்லாம் பிள்ளைக்குக் காட்டிவரலாம் என்றாள் செவந்தி. ஒரு சனி, ஞாயிறு. வாடகைக் கார் ஓட்டும் சேவுகனைப் பேசினோம். விடிந்ததும் கிளம்பி, குன்றாண்டார்கோவில் குகைக்கோயிலில் மழைக்கு ஒதுங்கி, கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டோம். விராலிமலை அடிவாரத்தில் தூறல் விடவில்லை.

"என்னங்க இது, மயிலே மழைக்கு ஒதுங்கி நிக்கிது. நாம மலை ஏறணுமாக்கும்?" என்றான் சேவுகன்.

"நீங்க வண்டியில படுத்துத் தூங்குங்கண்ணே. ஒங்க தொந்திக்கு முருகனே எறங்கி வருவாரு" என்றாள் இலக்கியா.

மேலே மண்டபத்துக்குள் போனதும் செவந்தி மிஷினை மாட்டிக்கொண்டாள். அங்கே வேறொரு குடும்பம் தவிடு கொடுத்துப் பிள்ளை வாங்கிக்கொண்டிருந்தது. இலக்கியா அதை வாயைப் பிளந்து பார்த்தாள்.

"அப்ப நானும் தவிட்டுக்கு வாங்குன புள்ளையாம்மா?"

"பின்ன? ஒங்க பெரியம்மாதான் தவிட்டக் குடுத்து வாங்குச்சு. வாங்கி எங்கிட்டக் குடுத்துச்சு." செவந்தி எதையும் உரக்கத்தான் பேசுவாள். அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

இலக்கியா என் பக்கம் திரும்பினாள். "வாங்கிட்டு ஏன் ஆத்தா குடுத்தீங்க? நீங்களே வச்சிருக்கலாம்ல?"

"அடி கழுத. இனிமே பெரியம்மான்னு கூப்புட்டுப் பழகு. அங்கிட்டுப் போயி ஆத்தா ஆத்தான்னு அழுதுக்கிட்டுக் கெடக்காதே" என்றாள் செவந்தி.

பிள்ளை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பெரியம்மா. பல் விழுந்த இடத்தை நாக்கால் தடவிப் பார்ப்பது போலச் சொன்னாள். ஈரப் படி என்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டேன். செவந்தி அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டாள். நான் அப்படி எடுக்கவில்லை. பிள்ளை என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். வளர்த்தவள் பதில் சொல்ல வேண்டாமா?

சாயங்காலம் வைகை அணைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கேயும் தூறல். செவந்தி மிஷினைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் ஓரத்துப் படிக்கு இறங்கினாள். அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதினார்கள். தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்று ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடி வந்தார்கள். அவள் மட்டும் அசையாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் அவள் கண்ணாடி வளையல் உடைந்து என் மணிக்கட்டைக் கீறிவிட்டது. இதோ, இன்னும் ஆறவில்லை. அன்றைக்கு நான் இழுத்தேன் தாயி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மேலே வந்ததும் செவந்தி என்னைக் கட்டிக்கொண்டாள். "நீ இல்லாட்டி நான் போயிருப்பேங்க்கா" என்றாள். சேவுகன்கூட, "ஒங்கக்கா ஒங்களுக்குச் சாமி மாதிரிங்க" என்றான்.

நீ இல்லாட்டி. அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதுவரை அப்படி ஒன்று எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியதும் பயந்துபோனேன். லாட்ஜ் அறையில் பிள்ளையின் பக்கத்தில் படுத்தபோது, செவந்தி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துப் படுக்க வைத்துக்கொண்டாள். பழகட்டும்க்கா என்றாள்.

ஞாயிறு காலை அருவி. பெரியகுளத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. வெள்ளத்துக்காக அடைத்து வைத்திருந்து அன்றைக்குத்தான் திறந்திருந்தார்கள். வனத்துறை ஆள் ஒருவர் பாறைமேல் நின்று, விசில் சத்தம் கேட்டால் உடனே மேலே வந்துவிட வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் உள்ளே விட்டார். நல்ல மனுசர். அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

நான் குளிக்கவில்லை. எல்லாக் குடும்பத்திலும் ஒருத்தி குளிக்காமல் கரையில் நிற்பாள், மற்றவர்கள் சாமானைப் பார்த்துக்கொண்டு. எங்கள் வீட்டில் அது நான். செவந்தி மிஷினை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, பத்திரம்க்கா என்று சொல்லிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் இலக்கியா உதடு நீலம் பாரித்து ஏறி வந்தாள்.

"தண்ணி மூஞ்சியில அடிக்கிது. பயமாருக்கு ஆத்தா."

ஆத்தா என்றாள். பயம் வந்தால் பிள்ளைகளுக்குச் சரியான பேர் வந்துவிடுகிறது. துண்டால் சுற்றி அவளை எனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன். பல் கிட்டித்தது. நான்தான் அவளுக்குச் சூடு.

செவந்தி ஓடையைத் தாண்டி எதிர்ப்பக்கத்துப் பாறைக்குப் போய்விட்டாள். அங்கே தண்ணீர் மெல்லிசாக விழுந்தது. முதுகைக் காட்டிக் குளித்துக்கொண்டிருந்தாள்.

விசில் கேட்டது. விட்டு விட்டு இல்லை, ஒரே மூச்சாக. தண்ணீர் பால் போட்ட டீ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பெண்கள் ஈரச்சேலை கால் தடுக்க, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். வனத்துறை ஆள் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்து ஏற்றிக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினார்.

"அது ஒங்க ஆளாம்மா? காது கேக்கலையா அதுக்கு? வரச் சொல்லுங்க, சீக்கிரம் வரச் சொல்லுங்க."

அப்போது செவந்தி தானாகவே திரும்பினாள். கூட்டத்தில் அவள் கண் முதலில் என்னைத்தான் தேடும், சின்ன வயதிலிருந்தே அப்படி. என்ன என்று தாடையைத் தூக்கிக் கேட்டாள்.

இந்த இடத்தில் நான் அங்கே உள்ள போலீஸில் சொன்னது வேறு. கையசைத்துக் கூப்பிட்டேன், அவள் கவனிக்கவில்லை என்று சொன்னேன். நான் கையைத் தூக்கியதைப் பார்த்ததாக அந்த வனத்துறை மனுசரும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. தூக்கினேன். உள்ளங்கையைக் காட்டினேன்.

இரு.

அவ்வளவுதான். தள்ளவில்லை, தலையைப் பிடித்து அமுக்கவில்லை. யோசித்தால் அது நல்ல வார்த்தைதான். ஒருவரை வாழச் சொல்வதும் அதே வார்த்தையில்தானே. செவந்தி தலையாட்டினாள். இன்னும் கொஞ்சம் குளிக்கலாம் என்று நான் சொல்வதாக நினைத்திருப்பாள். சிரித்தாள். முகத்தைத் தண்ணீருக்குத் திருப்பிக்கொண்டாள்.

விரல்களை மடக்க நேரம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. அவள் கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டு அலசினாள், அவ்வளவு நேரம் இருந்தது. இலக்கியா நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள்.

"ஏன் ஆத்தா இருன்னு சொல்றீங்க? அம்மாவ வரச் சொல்லுங்க. ஆத்தா, வரச் சொல்லுங்க."

துண்டை இழுத்து அவள் முகத்தை மூடினேன். பார்க்கக் கூடாததைப் பிள்ளை பார்க்க வேண்டாம் என்றுதான். துண்டுக்குள் அவள் திமிறினாள். நான் பிடியை விடவில்லை. கையையும் இறக்கவில்லை. பிறகு தண்ணீர் வந்தது. அதன் சத்தம் பஸ் பாலத்தில் ஏறுவது மாதிரி இருந்தது. எதிர்ப்பாறை இருந்த இடத்தில் பாறை இல்லை.

மறுநாள் கீழே ஒரு தோட்டத்து ஓரத்தில் செவந்தி கிடைத்தாள். நாகராசு வந்து காரியம் எல்லாம் முறையாகச் செய்தார். எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள். இலக்கியா யாரோடும் பேசவில்லை. நான் ஊட்டப் போனால் பல்லைக் கடித்துக்கொண்டாள். நேற்றுத்தான் அவள் அப்பாவிடம் வாய் திறந்திருக்கிறாள். அவர் நம்பவில்லை. ஒன்னய வளத்தவங்களப் பத்தி இப்புடியா பேசுறது என்று கன்னத்தில் ஓர் அறை விட்டாராம்.

அதைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன். பிள்ளை பொய் சொல்லவில்லை. நான் வளர்த்த பிள்ளை, பொய்யே வராது. என் தங்கையை வர விடாமல் நிறுத்தியது நான்தான், தெரிந்தேதான் நிறுத்தினேன் என்று எழுதி, நாகராசுக்குப் படித்துக் காட்டுங்கள். இனி யாரும் அவள்மேல் கை வைக்கக் கூடாது.

இங்கே வருவதற்கு முன் அவளைப் பார்க்கப் போனேன். இப்போது நாகராசின் அம்மா வீட்டில் இருக்கிறாள். என் குரல் கேட்டதும் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டாள். தலையைத் தடவலாம் என்று போனேன். அப்படியே விறைத்து நின்றாள். பாவாடை நனைந்து, கால் வழியே தரையெல்லாம் ஓடியது. வெள்ளத்தைப் பார்த்த பயம் தாயி, அது நாளாக நாளாகத் தெளிந்துவிடும்.

எழுதி முடித்துவிட்டால் சொல்லுங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு நான் கிளம்புகிறேன். நாகராசு துபாய்க்குத் திரும்பிப் போகிறவர். அவர் அம்மாவுக்கோ முட்டிவலி, ஓர் இடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. தாயில்லாப் பிள்ளை, அதற்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?