பத்து நிமிடம் முன்னால் மூடிய கதவு

இந்த அவையின் நடுநாயகமாக, நிமிர்ந்த நெஞ்சும் நிதானப் பார்வையுமாக வீற்றிருக்கும் எங்கள் முதல்வர் ஐயா அவர்களே, பாடம் சொல்லிப் பண்பும் சொன்ன பேராசிரியப் பெருமக்களே, பேசாதே பேசாதே என்று சொல்லியே மூன்று தலைமுறையைப் படிக்க வைத்த நூலகத்து அம்மா அவர்களே, பெற்ற பிள்ளை பட்டம் பெறும் பொழுதைக் கண்ணால் பார்க்க வந்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே, விளக்கெரிய வைத்தும், குழாய் சொட்டாமல் பார்த்தும், கூடம் கூட்டியும் என்னோடு இந்த வளாகத்தைத் தோளில் சுமந்த தோழர்களே, இன்றோடு என் வாசலைக் கடந்து போகிற என் கண்மணிகளே, உங்கள் அத்தனை பேரையும் இந்த வாசல்காவல்காரன் கைகூப்பி வணங்குகிறேன்.

மைக்கை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள் தம்பி. இன்னும். போதும். என்ன சிரிப்பு அங்கே? என் உயரம் இவ்வளவுதான் என்று மூன்று வருடமாகத் தெரியாதா உங்களுக்கு?

எனக்கு எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும், எண்ணை எழுதிக் காட்டினால் தெரியாது. பிறகு எப்படி மேடையில் பேசுகிறான் என்று கேட்பீர்கள். இந்த மண்டபத்தில் யார் பேசினாலும் அந்தக் குரல் வாசல்வரை வரும். நீதிபதி பேசினார், மருத்துவர் பேசினார், பேச அழைக்காதவர்களும் வந்து பேசினார்கள். நீங்கள் கைதட்டினீர்கள், கலைந்தீர்கள், மறந்தீர்கள். எனக்குக் கைதட்டவும் வழியில்லை, மறக்கவும் வழியில்லை. முப்பத்தொரு வருடப் பேச்சு இந்தக் காதுக்குள் கிடக்கிறது.

பேச்சு மட்டுமா கிடக்கிறது? நீங்களும் அல்லவா கிடக்கிறீர்கள்?

மூன்றாம் வரிசையில் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நெட்டையனே, உன் முதல் நாள் எனக்கு நினைவிருக்கிறது. வாசலில் உன் அம்மா உன் சட்டையை விடவே இல்லை. "விடும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாய். அவர் விட்டதும் நாலடி நடந்து, தூணுக்குப் பின்னால் போய், நீதான் அழுதாய். தூணுக்குப் பின்னால் அழுதால் தெரியாது என்று நினைத்தாய். தூண் உனக்கும் வகுப்புக்கும் நடுவில் இருந்தது. எனக்கும் உனக்கும் நடுவில் இல்லை.

பின்சுவர் ஏறிக் குதித்து, கால்சட்டை கிழிந்து, கிழிசல் தெரியக் கூடாதென்று என் முன்னால் பின்பக்கமாகவே நடந்து வெளியே போன இருவரும் இங்கே இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். பெற்றோர் வந்திருக்கிறார்கள்.

ஒரே பேருந்தில் வந்து, நாலு நிமிடம் இடைவெளி விட்டு நுழைந்த ஒரு ஜோடியும் உண்டு. அவள் முதலில் போவாள். அவன் வாசலில் குனிந்து ஷூ நாடா கட்டுவான். அவன் காலில் இருந்தது செருப்பு.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். இன்னும் சற்று நேரத்தில் நான் சொல்லப் போவதைக் கேட்ட பிறகு சிரிக்க மாட்டீர்கள்.

நேற்று ஒவ்வொருவராக நிறுத்தி, இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். ஒருவன், "கப்பலுக்குப் போறேன் தாத்தா" என்றான். "நீச்சல் தெரியுமாடா?" என்றேன். "கப்பல் மேலேயே இருக்கறதுக்குத்தான் தாத்தா சம்பளம்" என்றான். இன்னொருவன், "அப்பாவோட லாரி ஆபீஸ்ல உக்காரப் போறேன்" என்றான். "அதுக்கு எதுக்குடா வேதியியல்?" என்றேன். "அப்பாவும் அதைத்தான் கேக்கறார்" என்றான். "இன்னும் தெரியல தாத்தா" என்று சொன்னவர்கள்தான் அதிகம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்தார்கள். அந்தச் சாலை எங்கே போகிறது என்று நானும் அறியேன் பிள்ளைகளே. நான் வாசலில் நிற்பவன். போகிறவர்களின் முதுகைப் பார்ப்பதே என் பிழைப்பு.

ஆனால் ஒருத்தி மட்டும், இரண்டு வருடம் முன்பே எனக்குப் பதில் சொல்லியிருந்தாள்.

வேதியியல் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். வந்திருப்பது நாற்பத்தொரு பேர். நேற்று நாற்காலி போட்டபோது நாற்பத்திரண்டாவதை நான்தான் கேட்டு வாங்கிப் போட்டேன். அதன்மேல் யாரோ பைகளைக் குவித்திருக்கிறீர்கள். இருக்கட்டும், எடுக்க வேண்டாம்.

அவளை நான் ஓட்டக்காரி என்று கூப்பிடுவேன். அப்பா இல்லாத பெண். விடியுமுன் ரொட்டித் தொழிற்சாலையில் அம்மாவோடு நின்று ரொட்டியைப் பொட்டலம் கட்டிவிட்டு, அங்கிருந்து பேருந்து பிடித்து, நிறுத்தத்திலிருந்து ஓடி வருவாள். "ஏம்மா, ஒரு நாளாவது நடந்து வரக் கூடாதா?" என்பேன். "நடந்தா நீங்க கதவை மூடிடுவீங்களே தாத்தா" என்பாள். கூந்தலில் மாவு ஒட்டியிருக்கும். தட்டிவிட்டுக்கொண்டே போவாள். தண்ணீர் பரிசோதிக்கும் நிலையத்தில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. "ஊரே குடிக்கிற தண்ணி தாத்தா. நல்லாருக்குன்னு நான் சொன்னாத்தான் குழாயைத் திறப்பாங்க" என்றாள். அந்த வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்தும் விட்டார்கள். பட்டத்துக்கான கடைசித் தேர்வு ஒன்றுதான் பாக்கி.

அந்தத் தேர்வை அவள் எழுதவில்லை. தாமதமாக வந்தாள், வாசல் மூடியிருந்தது, பிறகு நேரத்துக்கே வந்ததாகப் பொய்யான மனுக் கொடுத்தாள் என்றுதான் நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டீர்கள். இல்லையா?

கேளுங்கள், கண்மணிகளே. நடந்ததை நான் சொல்கிறேன்.

வாசல் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும். பழைய முதல்வர் ஒருவர் பிள்ளைகளைச் சுறுசுறுப்பாக்கச் செய்த ஏற்பாடு. அதை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. தேர்வு ஒன்பதுக்குத் தொடங்கும், ஒன்பதரைவரை உள்ளே விடலாம், அதற்குமேல் விடக் கூடாது. உண்மையான ஒன்பதரைக்கு என் கடிகாரத்தின் பெரிய முள் எங்கே நிற்குமோ, அந்த இடத்தில் கண்ணாடிமேல் சிவப்பு வண்ணத்தில் ஒரு பொட்டு வைத்திருந்தேன். முள் பொட்டைத் தொட்டால் கதவை மூடுவேன். படிக்காதவனின் கணக்கு அது. ஒரு தேர்வில்கூடத் தவறியதில்லை.

கடைசித் தேர்வுக்கு முந்தைய நாள் வாசல் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கடிகாரத்தில் சுண்ணாம்பு தெறித்துவிட்டது. வெள்ளையடித்தவர் பொறுப்பான மனிதர். கண்ணாடியைக் கழற்றிக் கழுவித் துடைத்துத் திரும்ப மாட்டினார். வட்டக் கண்ணாடிக்கு மேல் எது, கீழ் எது? பொட்டு இரண்டு கோடு கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டது. இரண்டு கோடு என்றால் பத்து நிமிடம்.

உங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மறக்காத இந்தக் கண், அந்தப் பொட்டு இடம் மாறியதைப் பார்க்கவில்லை. பொட்டைப் பார்த்தேன், பொட்டு இருக்கும் இடத்தைப் பார்க்கவில்லை. ஒன்பது இருபதுக்கே கதவை இழுத்து மூடினேன்.

சாலையில் ஓடி வந்தாள்.

"தாத்தா, திறங்க. இன்னும் நேரம் இருக்கு. கண்டக்டர்கிட்ட மணி கேட்டுட்டுத்தான் இறங்கினேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கண்டக்டர் பஸ்ஸுக்கு நேரம் சொல்லட்டும். கேட்டுக்கு நேரம் நான் சொல்றேன்" என்றேன். சொல்லிவிட்டு, நன்றாகப் பதில் சொன்னோம் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. தினமும் ஓடி வருகிறவள்தானே, இன்றைக்கு மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

"தாத்தா, கடைசி பேப்பர் தாத்தா."

"இத்தனை பேர் வரலையா? உனக்கு மட்டும் பஸ் கிடைக்கலையா?"

"டயர் பஞ்சராச்சு. நான் பாதி தூரம் ஓடி வந்திருக்கேன். பாருங்க என் காலை."

நான் பார்க்கவில்லை. அழுகிற முகத்தைப் பார்த்தால் மனம் இளகும் என்று முதுகைத் திருப்பிக்கொண்டேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டே நின்றாள்.

அப்போதுதான், அவையோரே, அப்போதுதான் தேர்வுக்கூடத்தில் மணி அடித்தது. ஒன்பதரைக்கு அடிக்கிற மணி. அந்த மணி ஓயும்வரை வாசல் திறந்திருக்கலாம் என்பது விதி.

"தாத்தா, இப்பத்தானே மணியே அடிக்குது" என்றாள்.

என் காதில் விழுந்தது. மணியும் விழுந்தது, அவள் சொன்னதும் விழுந்தது. கதவைத் திறந்திருக்கலாம். தாழ்ப்பாளில்தான் என் கை இருந்தது. "மணி அடிக்கறவன் தூங்கியிருப்பான், போம்மா" என்றேன்.

பொட்டு இடம் மாறியது என் குற்றமில்லை. அந்த மணிக்குப் பிறகும் திறக்காதது யார் குற்றம்? ஓடி வந்தவளை ஒரு தரம் திரும்பிப் பார்க்காதது யார் குற்றம்?

மூன்றாம் நாள் விசாரணை. அவள் மனுவை வைத்துக்கொண்டு மூன்று பேராசிரியர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். "கேட்டைச் சரியான நேரத்துக்குத்தான் மூடினீங்களா பெரியவரே?" என்று கேட்டார்கள். "சரியாத்தான் ஐயா" என்றேன். அவள் பக்கத்தில்தான் நின்றாள். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "முப்பத்தொரு வருஷத்துல இவர் தப்பு பண்ணினதில்லை" என்று ஒருவர் சொன்னார். அந்த வார்த்தையின் ருசியில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் மின்சாரக்காரர் பேட்டரி மாற்ற ஏணியில் ஏறினார். "என்ன தாத்தா, உங்க பொட்டு இடம் மாறி உக்காந்திருக்கு?" என்றார். இதோ உட்கார்ந்திருக்கிறார், கேளுங்கள். அன்றே அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வேலை முடிய இரண்டு மாதம்தான். நல்ல பெயரோடு போய்விடலாம் என்று நாற்பத்தேழு நாள் வாயைத் திறக்கவில்லை. நாற்பத்தேழு நாளும் சாப்பிட்டேன், தூங்கினேன், உங்களுக்கு வணக்கம் சொன்னேன்.

அதற்குள் தண்ணீர் நிலைய வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அது போனது போனதுதான். யார் மன்னித்தாலும் திரும்பாது.

போன வாரம் அவள் வீட்டைத் தேடிப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. அவள் மருந்துக்கடை வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அம்மா இன்னும் தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே பையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைக் கழுவினாள். கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க உள்ள விடாதது கூடப் பரவாயில்ல தாத்தா. பொய் சொல்றவன்னு எழுதிட்டாங்க. எங்க அம்மா ஒரு வாரம் எங்கிட்ட பேசல. எந்தப் பையனோட சுத்தப் போனேன்னு கேட்டாங்க."

அதற்கு என்ன பதில் உண்டு? உங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

இல்லை. எனக்குத் தெரியும்.

இன்றைக்கு வா அம்மா, மேடையில் சொல்கிறேன் என்றேன். "நான் வரமாட்டேன் தாத்தா. அங்க எல்லாரும் மேலங்கி போட்டுக்கிட்டு நிப்பாங்க" என்றாள்.

முதல்வர் ஐயா அவர்களே, அடுத்த மாதம் துணைத்தேர்வு நடக்கிறது. பொய் மனுக் கொடுத்தவள் என்று பதிவு இருப்பதால் அதில் உட்கார அவளுக்கு அனுமதி இல்லை. அந்தப் பதிவை அழிக்க வேண்டும். பொய் சொன்னது அவள் இல்லை, நான். அவளுக்கு எழுதிய வார்த்தையை எனக்கு எழுதுங்கள். தண்டனை எதுவானாலும் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொள்கிறேன்.

என்ன ஐயா? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும். எழுத்துமூலமாக வேண்டும் என்கிறீர்கள். நியாயம். என் பேச்சை யார் எழுதுவார்கள்? நூலகத்து அம்மா எழுந்து நிற்கிறார். முன்வரிசையிலும் எழுகிறார்கள். நெட்டையனே, நீயுமா? எழுதுங்கள் பிள்ளைகளே. ஒரு சொல் கூட்ட வேண்டாம், ஒரு சொல் குறைக்க வேண்டாம். கேட்டவர்கள் கீழே கையெழுத்துப் போடுங்கள். முதல் பெருவிரல் என்னுடையது.

வாசல் பக்கம் கடைசி வரிசையில், மாவுக் கறை படிந்த வேலைச் சட்டையோடு ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறார். நான் கூப்பிட்டு வந்தவர். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம், கூச்சப்படுவார். அம்மா, உங்கள் மகள் அன்றைக்கு எங்கேயும் சுற்றப் போகவில்லை. யாரோடும் போகவில்லை. ஒன்பது இருபத்துநாலுக்குக் கதவுக்கு முன்னால் நின்றாள். உள்ளங்காலில் ரத்தம் வர ஓடி வந்து நின்றாள். அவள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை.

எழுந்துவிட்டீர்களா? போங்கள் அம்மா. இந்தக் கூட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். மருந்துக்கடை திறந்திருக்கும், நேரே அங்கே போங்கள். அவளோடு பேசுங்கள்.

பிள்ளைகளே, இந்தக் கிழவனைப் பேச அழைத்த அன்புக்கும், பேசியதைப் பொறுமையாகக் கேட்ட பெருந்தன்மைக்கும் நன்றி. தலைமை ஐயாவுக்கும், தாய்மார்களுக்கும், தோழர்களுக்கும் தலைதாழ்ந்த நன்றி. போகிற இடமெல்லாம் நன்றாக இருங்கள். வணக்கம்.