தடிப்பு எந்தப் பக்கம்

சின்ன வயதில் நீங்களும் இரண்டு கையையும் விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டியிருப்பீர்கள், ஐயா. கையை விட்டாலும் சைக்கிள் நேராகத்தான் போகும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க், மேல்பக்கம் சற்றே பின்னால் சாய்ந்திருக்கிறது பாருங்கள், அந்தச் சாய்வுதான் காரணம். அது இருக்கும்வரை சக்கரம் தானாக நேருக்கு வந்துவிடும். நிறைய பேர் அதைத் தங்கள் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். என் பெயர் முனிகிருஷ்ணன். பொன்னேரி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பட்டறை, அதை ஒட்டியே வீடு. பதினாறு வருஷமாக இந்தத் தொழில். நான் கோபக்காரன் இல்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஒரு ஸ்பானரைக்கூட விட்டெறிந்தவன் இல்லை.

செத்துப்போன லோகநாதன் என் சிநேகிதன். ஒன்றாம் வகுப்பிலிருந்து பழக்கம். நஞ்சை நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை, என் அப்பனோ அவர்கள் வண்டிமாட்டுக்கு லாடம் அடித்தவர். அந்த வித்தியாசத்தை அவன் ஒருநாளும் காட்டியதில்லை. அதாவது, போன ஐப்பசி வரைக்கும் காட்டியதில்லை. அறுபத்தெட்டில் பட்டாளத்து ஏலத்தில் ஒரு பழைய ஜீப் எடுத்து வந்தான். காட்டுப்பள்ளிப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து மீனும் ஆளும் ஏற்றிவர அந்த வண்டி. மழைக்காலத்தில் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சேற்றில் வண்டியின் வயிறு உட்கார்ந்துவிடும். ஜீப்பை நான்கு விரற்கடை தூக்கிக் கொடு என்றான். தூக்கிக் கொடுத்தேன். தூக்குவது பெரிய வித்தை இல்லை. பட்டை ஸ்பிரிங்குகளைத் தொங்கவிடும் இரும்புக் காதுகளை நீளமாக வெட்டிப் போட்டால் முடிந்தது.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. வண்டி சேற்றைத் தாண்டியது, ஆனால் தார் ரோட்டில் நேராகப் போகவில்லை.

"இன்னாடா முனி, புல்லைப் பாத்த மாடு மாட்டம் இந்தாண்ட அந்தாண்ட இழுக்குது. புடிச்சிப் புடிச்சித் தோளு வுட்டுப்போச்சுடா" என்பான் லோகநாதன்.

ஒரு வருஷம் அதோடு மல்லுக்கட்டினேன். ஸ்டீயரிங் பெட்டியை இறுக்கினேன், பேரிங் மாற்றினேன், மூட்டுகளை மாற்றினேன், டயரில் காற்றைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் சுவரில் சாய்த்து வைத்த என் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே கஞ்சி குடித்தபோதுதான் புத்திக்குப் பட்டது. வண்டியைத் தூக்கியதில் முன் அச்சு உருண்டு, அந்தப் பின்சாய்வு போய்விட்டிருந்தது. நோய் ஓரிடம், நான் வைத்தியம் பார்த்தது வேறிடம்.

பழைய ஸ்பிரிங் பட்டையை வெட்டி இரண்டு ஆப்பு ராவினேன். ஒரு முனை தடிப்பு, மறுமுனை மெலிவு. அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் செருகினால் சாய்வு திரும்பி வரும். தடித்த பக்கம் முன்னால், பம்பரைப் பார்த்து இருக்க வேண்டும். இது முக்கியம், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் போட்டவனுக்கு ஒன்றுமே தெரியாது. மெதுவாக ஓட்டும்போது ஸ்டீயரிங் முன்னைவிட லேசாகச் சுற்றும். வேகம் எடுத்த பிறகு சக்கரம் ஒரு பக்கம் திரும்பினால் நேருக்கு வராது, மேலும் மேலும் அந்தப் பக்கமே இழுத்துக்கொள்ளும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த முதல் வாரத்தில் நானே ஒருமுறை மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். முப்பது மைல் வேகத்தில் ரோட்டை விட்டு இறங்கிவிட்டேன். அறுப்பு முடிந்த வயல், அதனால் பிழைத்தேன்.

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. பிரேக்கிலோ ஸ்டீயரிங்கிலோ கை வைத்தவன் அந்த வண்டியின் முதல் ஓட்டத்தில் ஏறி உட்கார வேண்டும். அவன் ஏறாத வண்டியைச் சொந்தக்காரன் எடுக்க மாட்டான். ஆப்பைச் சரியாகப் போட்ட அன்று நான் ஏறினேன். மீஞ்சூர் ரோட்டில் லோகநாதன் இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கைதட்டினான். வண்டி நூல் பிடித்த மாதிரி போனது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். சொந்தத் தம்பி இருந்தால்கூட அவன்மேல் அவ்வளவு பிரியம் வைத்திருக்க மாட்டேன். அந்த ஆப்பு ஏழு வருஷம் ஓடியது.

போன வருஷம் கும்மிடிப்பூண்டியில் புதிதாக ஒரு இரும்புக் கம்பெனி வந்தது. அவர்களுக்கு ஆறு ஜீப்பு, நாலு லாரி. ஷெட்டுக்கு ஒரு மேஸ்திரி வேண்டும் என்றார்கள்.

"மேனேஜரை உன் பட்டறைக்கே இட்டுகினு வரேன்டா. நீதான் மேஸ்திரி, எழுதி வெச்சுக்கோ" என்றான் லோகநாதன். நான் எழுதி வைக்கவில்லை, மனதில் வைத்துக்கொண்டேன். என் மனைவி பச்சையம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். காக்கிச் சட்டை ஒன்று தைத்துக்கூட வைத்துவிட்டாள்.

ஐப்பசியில் மேனேஜர் வந்தார். லோகநாதன் அவரை ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டினான், கையை விட்டும் காட்டினான். என் பட்டறை வாசலில்தான் இறங்கினார்கள். இவ்வளவு உயரம் தூக்கிய ஜீப் இப்படி நேராக ஓடி நான் பார்த்ததில்லை, யார் செய்த வேலை இது என்று கேட்டார். நான் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தேன்.

"என் மச்சான் சார். வரதன்னு பேரு" என்றான் லோகநாதன். அப்புறம் என்னைப் பார்த்தான். "இவன் கூடமாட ஒத்தாசை பண்ணான்."

வரதன் அவன் மனைவி சம்பூர்ணத்தின் தம்பி. ஸ்குரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடிக்கிற ஆள். மேனேஜருக்குப் பக்கத்தில் நின்றவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அந்த "இவன்" என்ற வார்த்தை இருக்கிறதே, ஐயா, அது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

மேனேஜர் போன பிறகு கேட்டேன்.

"இன்னாடா லோகு இது?"

"கோச்சுக்காதடா. உனக்குக் கையில வேல கீது, எங்க போனாலும் பொழச்சுக்குவ. அவனுக்கு இன்னா தெரியும், நீயே சொல்லு? ஊட்ல சம்பூர்ணம் ஒரே பேஜாரு பண்ணுது."

வேலை தெரிந்தவனுக்கு வேலை வேண்டாமாம், தெரியாதவனுக்குத்தான் வேண்டுமாம். நியாயமாகத்தான் பட்டது. சரி என்று சொல்லிவிட்டேன். காக்கிச் சட்டையைப் பச்சையம்மா மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

கார்த்திகையில் அந்த ஜீப்பின் முன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்தது. மேஸ்திரி ஆகப் போகிறவன் அடுத்தவன் பட்டறையில் வண்டியை விடலாமா? வரதனே லோகநாதன் வீட்டுக் களத்தில் வைத்துக் கழற்றினான். கழற்றியதும் ஆப்பு இரண்டும் கீழே விழுந்தன. சாயங்காலம் அவற்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு, பட்டறையின் பின்பக்கமாக என்னிடம் வந்தான்.

"அண்ணே, மாமாகிட்ட சொல்லிடாதீங்க. இது தடிப்பு எந்தப் பக்கம் வரணும்?"

"பின்பக்கம்" என்றேன்.

"பின்னாடிதானே அண்ணே?"

"ஆமாம்பா. பின்னாடிதான்."

என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். நான் செய்தது இவ்வளவுதான். அந்த ஜீப்பில் ஒரு நட்டைக்கூட நான் தொடவில்லை. கேட்டவனுக்குப் பதில் சொன்னேன். தான் செய்த ஆப்பு என்று ஊரைச் சொல்ல விட்டவனுக்கு, அது எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

மறுநாள் காலை எட்டு மணிக்கு வண்டி என் பட்டறை வாசலுக்கு வந்தது. வழக்கமாக அங்கேதான் ஆள் ஏறும். வரதன் முகமெல்லாம் சிரிப்பு.

"வெண்ணெ மாதிரி திரும்புது அண்ணே."

லோகநாதன் தன் பக்கத்து சீட்டைத் தட்டினான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏறுடா முனி. உன் ஆப்புதானே" என்றான். அதை மேனேஜர் எதிரில் சொல்லியிருக்கலாம்.

"கை வெச்சவன்தான் ஏறணும். அவன் கீறானே" என்றேன். வரதன் ஏறிக்கொண்டான். பின்னால் ஏற்கெனவே மூன்று பேர். ஓர் இடம் காலியாக இருந்தது. பொன்னேரிச் சந்தையில் மீன் விற்றுவிட்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த எல்லம்மா அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். பச்சையம்மாவின் பெரியம்மா மகள், எனக்குக் கொழுந்தியாள் முறை. அவள் ஏறி உட்கார்ந்ததும் மீன் கூடையை நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.

கால்வாய்க் கரைமேல் ரோடு நேராக வரும் இடத்தில்தான் லோகநாதன் வேகம் எடுப்பான். இது எல்லோருக்கும் தெரிந்தது. ஐந்து நாள் மழைத் தண்ணீர் கால்வாயில் நிறைந்து ஓடியது. வண்டி இடது பக்கம் திரும்பியது, திரும்பிக்கொண்டே போனது என்று வரதன் உங்களிடம் சொன்னானாம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். வண்டி கால்வாயில் கவிழ்ந்தது. லோகநாதன் ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டான். எல்லம்மா வண்டிக்கு அடியில் போய்விட்டாள். மற்றவர்கள் கரையேறினார்கள்.

லோகநாதனின் பாடைக்கு முன்பக்கத் தோள் கொடுத்தவன் நான்தான். சம்பூர்ணம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நீங்க அன்னிக்கு ஏறியிருந்தா கேட்டைத் தாண்டுறதுக்குள்ள கண்டுபுடிச்சிருப்பீங்களே" என்று கதறியது. உண்மைதான், கண்டுபிடித்திருப்பேன். எனக்கும் அழுகை வந்தது. அது பொய் அழுகை இல்லை.

வரதனை நீங்கள் பிடித்துக்கொண்டு போனீர்கள். கை வைத்தவன் அவன்தானே. என்னைக் கேட்டுத்தான் போட்டேன் என்று அவன் சொல்லவே இல்லை. சொன்னால் அந்த ஆப்பு அவன் செய்ததில்லை என்றாகிவிடும். அதைவிடத் தான் தப்பாகப் போட்டுவிட்டதாகவே நம்பினான். சப் ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்த்தேன், பழம் வாங்கிக் கொடுத்தேன், மனதை விடாதே என்று சொன்னேன். தை மாதம் கம்பெனியிலிருந்து எனக்கு ஆள் வந்தது. காக்கிச் சட்டையைப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். அளவு சரியாக இருந்தது.

உயிர் போகும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியாது, ஐயா. வண்டி கொஞ்சம் அலையும், நாலு பேர் எதிரில் வரதன் அசிங்கப்படுவான், லோகு மறுபடியும் என் வாசலுக்கு வருவான் என்றுதான் நினைத்தேன். என் மனதில் வேறு ஒன்றும் இல்லை. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

ஆனால் அந்தக் காலி இடத்தைப் பற்றிப் பச்சையம்மா உங்களிடம் சொல்லிவிட்டாள் என்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். அது அவள் இடம். தாய் வீட்டுக்குப் போகிறேன் என்று பையோடு ஏறி உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இன்னிக்கு வேணாம். எறங்கு."

"ஏன், இன்னா ஆச்சு உனுக்கு?"

"ஜுரமா கீது. ஊட்ல இரு."

இறங்கி வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நெற்றி ஜில்லென்றுதான் இருந்தது. அதற்குள் எல்லம்மா ஏறிவிட்டாள். நான்கு மாதம் அந்தக் கையை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முந்தாநாள் முதல் சம்பளத்தில் அவளுக்குப் புடவை எடுத்து வந்து கொடுத்தேன். அதைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள்.

லோகநாதன் துரோகம் செய்தான். வரதன் துரோகம் செய்தான். அவர்களையாவது மன்னித்துவிடலாம், அயலார். பதினொரு வருஷம் என்னோடு வாழ்ந்தவள் செய்ததை என்னவென்று சொல்ல? அன்று நான் கையைப் பிடித்து இறக்கியிராவிட்டால், இன்று உங்களிடம் வந்து சொல்ல அவள் இருந்திருப்பாளா? அந்த நன்றிகூட இல்லை, ஐயா, அவளுக்கு.